மாடிப்படிக்குக் கீழ் வயிரவன்

கீழச்சிவல்பட்டி நிறுத்தத்தில் வயிரவனோடு பேருந்திலிருந்து இறங்கியது ஒரு மூட்டை வெங்காயம் மட்டும்தான். வெங்காயத்தை வாங்கிக்கொள்ள ஆள் வந்திருந்தது.

ஐப்பசி மழை. காலை பத்து மணிக்கே தெரு பொழுது சாய்ந்த மாதிரி மங்கிக் கிடந்தது. முதுகுப் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டி, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளின் சுவரோரமாகவே நடந்தான். பைக்குள் மடிக்கணினி இருந்தது. அது நனைந்தால் இன்னொன்று வாங்க வேண்டும். அவன் நனைந்தால் துவட்டினால் போதும்.

ஊரில் அவன் வீட்டுக்கு சா.வயி.சா.வயி. வீடு என்று பேர். பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற வழக்கத்தை அந்தக் குடும்பம் கொஞ்சம் அதிகமாகவே மதித்தது. அப்பன் சாத்தப்பன் என்றால் மகன் வயிரவன். அவன் மகன் மறுபடி சாத்தப்பன். நூற்றைம்பது வருஷமாக வேறு பேர் யோசிக்கிற சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே தாத்தா என்பதால் எல்லோருக்கும் ஒரே பேர். இப்போது உயிரோடு இருக்கிற வயிரவன்கள் நான்கு பேர். சிங்கப்பூர் வயிரவன், டாக்டர் வயிரவன், சென்னை வயிரவன். நாலாவது இவன். முப்பத்தாறு வயது, காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பேருக்கு முன்னால் போட ஒன்றும் இல்லாததால் இவனைச் 'சும்மா வயிரவன்' என்றார்கள்.

வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற சிட்டாள் சாவியோடு வந்து கதவைத் திறந்தாள். தேக்குக் கதவு முனகிக்கொண்டு வழிவிட்டது. பூட்டிய வீட்டின் வாசனை முதலில் வெளியே வந்தது: வௌவால் எச்சம், பழைய மரம், ஈரச் சுண்ணாம்பு.

"தனியாவா வந்தீக தம்பி?" என்று அவன் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். ஆமாம் என்றதும் அவள் முகத்தில் வந்தது பரிதாபமா, கூடுதல் தண்ணீர் சுமக்க வேண்டாம் என்ற நிம்மதியா, தெரியவில்லை.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். ஏழு அறை, ஏழு பூட்டு. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது அந்த வீடுகளின் ஏற்பாடு. கல்யாணம் ஆனால் கோயில் வரிக் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். துணை போய்விட்டால் அரைப் புள்ளி. கல்யாணமே ஆகாதவன் முழுசும் இல்லை, அரையும் இல்லை. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். அதில் வயிரவன் காலை வணக்கம் போட்டால், சிங்கப்பூர் வயிரவன் என்று நினைத்துச் சிலர் பதில் போடுவார்கள். இவன்தான் என்று தெரிந்ததும் அழித்துவிடுவார்கள்.

அறை இல்லாதவன் உட்கார ஓர் இடம்தான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்காக எப்போதோ வைத்த ஒரு பிளக். அந்த வளவில் மின்சாரம் வருகிற துளை அது மட்டும்தான். படிக்கட்டின் அடியில் சரிந்து உள்ளே போகிற முக்கோண இருட்டில் ஒரு தகரப் பெட்டியும் சட்டை மாட்ட ஓர் ஆணியும் இருந்தன. பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தவன் தலை சாய்க்கிற உயரத்தில், வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. பல வருஷம் ஒரே தலை ஒரே இடத்தில் சாய்ந்தால்தான் அப்படிப் பதியும். அவன் இருட்டுக்கு முதுகைக் காட்டி, முற்றத்து மழையைப் பார்த்து, பாயை விரித்து உட்கார்ந்தான்.

இனி அவன் எதற்கு வந்தான் என்பது.

கல்லூரியின் பெண்கள் விடுதியில் நாற்பத்தொரு பேருக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. வெளியே சாப்பிட்டதால் வந்தது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டது. ஆனால் விடுதித் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்ற பரிசோதனை அறிக்கை ஆனி மாதமே வந்துவிட்டது. அதே எண், அதே தேதியில் 'குடிக்க உகந்தது' என்று இன்னொரு அறிக்கை அலுவலகத்திலேயே தயாரானது. இரண்டும் வயிரவன் பராமரிக்கிற சர்வர் வழியாகத்தான் அச்சுக்குப் போயின. இரண்டின் பிரதிகளும் இப்போது அவன் பையில் இருந்தன.

பத்திரிகை ஒன்றில், பேர் சொல்லாமல் ஆவணம் அனுப்புவதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அங்கே அனுப்ப வேண்டும். சர்வரின் பாஸ்வேர்டு அலுவலக நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்ததால், யார் எடுத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. கல்லூரியின் அலட்சியம் முதல்முறையாக ஒருவனுக்கு உதவியது. ஆனால் பேர் வெளியே தெரிந்தால் தொலைந்தான். போன வருஷம் சாம்பாரைப் பற்றி ஒரு கடிதம் எழுதிய வார்டன் மேல் பாத்திரம் திருடியதாக வழக்கு. அது இன்னும் வாய்தாவில் இருந்தது.

அதனால்தான் பேர் தெரியாமல் இருப்பதற்கென்றே செய்த ஓர் இயங்குதளம். அவனுடைய மடிக்கணினியின் லினக்ஸுக்குள் இரண்டு கற்பனைக் கம்ப்யூட்டர்களாக அது ஓடும். ஒன்று வெளி மெஷின். இணையத்தோடு பேசுவது அது மட்டும்தான். அதுவும் நேராகப் பேசாது, முகம் தெரியாத மூன்று பேர் கைமாற்றித்தான் செய்தி போய்ச்சேரும். இன்னொன்று உள் மெஷின். அதற்கு வெளி மெஷினைத் தவிர உலகத்தில் யாரையும் தெரியாது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதும் தெரியாது. கேட்டாலும் சொல்ல முடியாது, அதுதான் பாதுகாப்பு. வயிரவன் வெளி மெஷினுக்கு முகப்பு என்றும் உள் மெஷினுக்கு வளவு என்றும் பேர் வைத்தான்.

அந்த வளவில் உட்காருகிற எல்லோருக்கும் உலகம் முழுக்க ஒரே பேர்: யூசர். எல்லோருக்கும் ஒரே பேர் என்றால் எவனையும் தனியாகப் பிடிக்க முடியாது. இதைக் கண்டுபிடித்தவர்கள் தங்களைப் புத்திசாலிகள் என்று நினைத்திருக்கலாம். சா.வயி.சா.வயி. வீட்டில் இது நூற்றைம்பது வருஷமாக நடக்கிறது.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. தேவகோட்டையிலிருந்து விசாலம் ஆச்சி. அவனுடைய அக்காதான், அக்காவை ஆச்சி என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். தினமும் ஒரு மணிக்குக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பாள், பிறகு ஏதாவது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வாள். நாள் முழுவதும் அவனோடு யாராவது பேசினார்கள் என்றால் அந்த நாலு நிமிஷம்தான். இன்றைக்குக் கோவிலூர்ப் பெண். எங்கே இருக்கிறாய் என்றாள். சொன்னான்.

"அங்குட்டு உக்காராதடா. அது ஒத்தாளு இருந்த எடம்."

"எந்த ஒத்தாளு?"

"நம்ம ஐயாவுக்குப் பங்காளி. கல்யாணம் கட்டாமயே செத்தாக. பேரு என்னமோ வரும். யாரு பேரச் சொன்னா, ஒத்தாளு ஒத்தாளுன்னுதான் சொல்லுவாக."

அந்த வீட்டில் மறப்பதற்கு மொத்தமே இரண்டு பேர்தான் இருந்தன. அதில் ஒன்றைத்தான் மறந்திருந்தார்கள்.

போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். கொண்டுவந்திருந்த இயங்குதளக் கோப்புகள் அசல்தானா என்று அவற்றின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்தான், அசல். இரண்டு மெஷின்களையும் ஏற்றினான். போனைப் பெட்டிமேல் வைத்து அதன் இணையத்தை முகப்புக்குக் கொடுத்தான். இணைப்பு பத்து சதவீதம், ஐம்பது, நூறு. வளவைத் திறந்தான். அதன் கடிகாரம், அவன் எங்கே இருக்கிறான் என்பதை மறைப்பதற்காக, ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது.

முற்றத்தின் நான்கு மூலைகளிலும் கூரைத் தண்ணீர் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் நடுவே ஒருமுறை யாரோ தொண்டையைச் செருமியது போல இருந்தது. சிட்டாள் என்று நினைத்தான். சிட்டாள் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது நினைவுக்கு வந்தது. மோட்டார் என்று நினைத்தான்.

மோட்டாரை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது.

கடிதத்தைத் தொடங்கினான். அந்த மெஷினில் தமிழ் எழுத வழி இல்லை, ஆங்கிலத்தில்தான் தட்டினான். விடுதி, தேதி, அறிக்கை எண். இரண்டாவது பத்தியின் முடிவில் கையை எடுத்துச் சோம்பல் முறித்தான். கையை இறக்கியபோது கீழே ஒரு வரி கூடியிருந்தது. தமிழில்.

யாரு?

வயிரவன் அதை அழித்தான்.

எந்த ஊரு?

அதையும் அழித்தான். 

எந்த வீடு?

பயந்தான், ஆனால் படித்தவன் பயப்படுகிற மாதிரிதான் பயந்தான். யாரோ வலை வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். கல்லூரி ஆள் வைத்துவிட்டது. முகப்பு மெஷினுக்குப் போய், உள்பக்கம் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டான். வளவுக்கு எண் பதினொன்று. அது ஒன்று மட்டும்தான் இருக்க வேண்டும்.

பதினொன்று இருந்தது.

அதற்குக் கீழே பன்னிரண்டு இருந்தது.

அவன் ஏற்றியவை இரண்டே மெஷின்கள். உள்ளே ஒன்றுதான். மறுபடி கேட்டான். பதினொன்று, பன்னிரண்டு. அடுத்தடுத்த அறையில் இருக்கிறவர்கள் மாதிரி.

இரண்டு மெஷின்களையும் அடியோடு அழித்தான். கையொப்பத்தை மறுபடி சரிபார்த்தான். புதிதாக ஏற்றினான். இந்த முறை போனை அணைத்துவிட்டான். வலையே இல்லை, தெருவே இல்லாத வீடு. உள்ளே வர எவனுக்கும் வழி கிடையாது. வளவைத் திறந்து வெற்றுக் காகிதம் ஒன்றைத் திரையில் வைத்துவிட்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு பார்த்திருந்தான்.

முற்றத்தில் மழை சற்று ஓய்ந்தது.

எந்தக் கோயிலு?

வெளியிலிருந்து வரவில்லை, அப்படியானால்.

எழுந்து ஓடியிருக்கலாம். பேருந்து நிறுத்தம் இருநூறு அடிதான். ஆனால் அவன் கண் அந்த நாலு கேள்வியிலேயே நின்றது. யாரு, எந்த ஊரு, எந்த வீடு, எந்தக் கோயிலு. அந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டில், பந்தியில், பேருந்தில் ஒருவரை ஒருவர் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான், இதே வரிசையில்தான். கேட்கப்பட்டால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நிற்பவனை வளர்த்தவர்களைக் குறை சொல்வார்கள். வயிரவன் யோசித்துப் பார்த்தான். கடைசியாகத் தன்னை யார் இதைக் கேட்டார்கள்? கல்யாணங்களில் அவன் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்கிறார்கள். அவனிடம் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பேரே சொல்லக் கூடாது என்று காலையிலிருந்து பாடுபட்டு ஏற்பாடு செய்தவன், நாலு வரியில் எல்லாவற்றையும் சொன்னான். ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினான். வயிரவன். கீழச்சிவல்பட்டி. சா.வயி.சா.வயி. வீடு. கோயிலையும் சொன்னான். பிறகு, மரியாதைக்கு, நீங்க என்று கேட்டான்.

பதில் வர நேரமானது. கூரையிலிருந்து மிச்சத் துளிகள் தகரத்தில் விழுந்தன. ஒன்று. இன்னொன்று.

நானும்.

அவன் பிடரி மயிர் சிலிர்த்தது. ஆனால் கை விசைப்பலகையை விட்டு நகரவில்லை.

சாப்பிட்டாச்சா என்று வந்தது. பன் ஒன்று தின்றேன் என்றான். கூட யாரும் வரவில்லையா என்றது. இல்லை என்றான். அறை எது என்றது. அறை இல்லை என்றான். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினார்கள். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன, ஒருவரும் பேசக் கிடைக்காமல் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்தவர் கேட்பது போல. வயிரவனும் அப்படித்தான் பதில் சொன்னான். விடுதி, தண்ணீர், அந்தப் பெண், வார்டன் மேல் போட்ட வழக்கு. பேச வேண்டுமென்றால் எப்படிப் பேசுவது என்று வந்தபோது கைப்பேசி எண்ணையும் கொடுத்தான். எண் கேட்டால் கொடுக்காமல் இருப்பது முறையில்லை.

பேரு போடாம எழுதுனா, யாரு எழுதுனதுன்னு எப்படித் தெரியும்?

தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று விளக்கினான். இந்த முறைதான் பதில் வர ரொம்பத் தாமதமானது.

நான் அறுவத்தோரு வருசம் அப்படித்தான் இருந்தேன்.

வயிரவன் அந்த வரியை இரண்டு முறை படித்தான். கடிதத்தைத் திரும்ப எழுதி முடித்தான். பேசிய வரிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தான். போனை மறுபடி இணைத்தான். பத்திரிகையின் ஐம்பத்தாறு எழுத்து முகவரியைத் தட்டினான். அவன் வீட்டு விலாசத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். கடிதமும் இரண்டு அறிக்கைகளும் போய்ச் சேர்ந்தன. பேர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று ராத்திரி முகப்பில் படுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. இது அலுவலக நேரத்தில் மட்டும் வேலை பார்க்கிற ரகம் போலும்.

மறுநாள் காலை சிட்டாள் வளவைக் கூட்டும்போது, மாடிப்படிக்குக் கீழே மட்டும் விளக்குமாற்றை எட்ட நின்று நீட்டினாள். ஏன் என்று கேட்டான். தன் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் என்றாள். அங்கே ஒருவர் இருந்தாராம். போகிறவர் வருகிறவரையெல்லாம் யாரு யாரு என்று கேட்பாராம். வாயைத் திறந்து பதில் சொல்லிவிட்டால் விடமாட்டாராம்.

"அடிப்பாரா?" என்றான்.

"சேச்சே. பேசுவாக. பேசிக்கிட்டே இருப்பாக. பொழுது போனது தெரியாது, வேல கெட்டுப்போகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவுகள ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லையாம்."

அன்று மதியம் போனைப் பெட்டிமேல் சார்ஜில் போட்டுவிட்டுத் திருப்பத்தூர் போய்ச் சாப்பிட்டான். நாலு மணிக்குத் திரும்பி, மெஷின்களை அழித்து, பையைக் கட்டி, காரைக்குடிக்குப் பேருந்து ஏறினான். போனைப் பார்க்கத் தோன்றவில்லை. அவனைக் கூப்பிடுகிறவர்கள் ஒருவர்தான், அவர் கேட்பதும் ஒன்றுதான்.

அடுத்த நாள் ஒரு மணிக்கு ஆச்சியின் குரல் என்றைக்கும் இல்லாத மாதிரி கனிந்திருந்தது.

"நேத்து மாதிரி தெனமும் பேசுடா. எம்புட்டு நேரம் பேசுன. மனசு விட்டுப் பேசுனா கொறஞ்சா போயிருவ? ஆனா தொண்ட கட்டியிருக்கு ஒனக்கு, மெளகுப்பால் குடி."

நேற்று அவன் ஆச்சியோடு பேசவேயில்லை. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று விட்டுவிட்டான். அந்தக் குடும்பத்தில் வயிரவன்களைக் குழப்பிக்கொள்வது புதிதில்லை.

வியாழக்கிழமை செய்தி வந்தது. டீக்கடையில், இன்னொருவர் விரித்துப் பிடித்திருந்த பத்திரிகையின் பின்பக்கத்தில்தான் பார்த்தான். இரண்டு அறிக்கைகளும் பக்கத்துப் பக்கத்தில் படமாக இருந்தன. கீழே:

'கீழச்சிவல்பட்டி சா.வயி.சா.வயி. வீட்டைச் சேர்ந்த வயிரவன் (61) நம்மிடம் கூறியதாவது...'

டீ கையில் ஆறிப்போனது. அவன் பேர், அவன் ஊர், அவன் வீடு. வயது மட்டும் வேறு. அதைப் பார்த்து யார் ஏமாறுவார்கள்?

வெள்ளிக்கிழமை கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். வயிரவன் மாற்றுச் சட்டை ஒன்றையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷையும் பையில் வைத்துக்கொண்டு போனான். வார்டனைக் காவல் நிலையத்தில் இரண்டு நாள் வைத்திருந்ததாகக் கேள்வி.

முதல்வர் பத்திரிகையை மேசைமேல் தட்டினார். விடுதியைப் பூட்டியாகிவிட்டது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, அதிகாரிகள் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும் வயிரவன்."

வயிரவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பேரு சொல்லாம அனுப்புற எடத்துல போயி எவனாவது சொந்தப் பேரையும் வீட்டையும் குடுப்பானா? உங்கள மாட்டிவிடப் பாத்திருக்கான் எவனோ. நிருபரையே கூப்பிட்டுக் கேட்டாச்சு. போன்ல பேசுனது வயசான ஆளாம். ஒரு மணி நேரம் பேசுனாராம், வைக்கவே விடலையாம்." கொட்டாவி விட்டார். "அதோட, நீங்கள்லாம் இந்த மாதிரி செய்யுற ஆளா. போயி வேலயப் பாருங்க."

தப்பித்தாயிற்று. நடைபாதையில் வந்து போனின் பதிவைத் தோண்டினான். போன செவ்வாய்க்கிழமை, ஒரு மணி: விசாலம் ஆச்சி, நாற்பத்தெட்டு நிமிஷம். இரண்டு மணி: தெரியாத எண், ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். இரண்டும் எடுத்துப் பேசிய அழைப்புகள். தன் எண்ணை அவன் அன்று வளவில் ஒருவருக்கு மட்டும்தான் தட்டிக்கொடுத்திருந்தான். அந்த நேரத்தில் அவன் திருப்பத்தூரில் ரசத்துக்குக் காத்திருந்தான்.

போன், பெட்டிமேல் இருந்தது.

பங்காளிகள் குழு அன்று முழுக்க ஓயவில்லை. நம் வீட்டுப் பேரைக் காப்பாற்றிய வயிரவன் யார் என்று ஒருவர் கேட்டார். சிங்கப்பூர் வயிரவனை நாலு பேர் வாழ்த்தினார்கள். அவர் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டு அடக்கமாக ஏற்றுக்கொண்டார். வயிரவன் 'அது நான்' என்று தட்டினான். அனுப்பவில்லை. அனுப்பினால் வழக்கு. அனுப்பாவிட்டால் ஒன்றுமே இல்லை. நாற்பது பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிப்பார்கள். அதைச் செய்தது யார் என்று உலகத்தில் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்.

அதனால்தான் சனிக்கிழமை மறுபடி பேருந்து ஏறினான். பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பது பெரிதாக இருந்தது.

மழை இல்லை அன்று. ஆனாலும் படிக்கட்டின் அடியில் வெளிச்சம் போகவில்லை. அதே பாயில், இருட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அலுப்பில் தலை சாய்ந்தது. சுவரில் அந்தக் கறை இருக்கிற இடத்தில் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. சட்டென்று நிமிர்ந்துகொண்டான். இரண்டு மெஷின்களையும் மூன்றாம் முறையாக ஏற்றினான். வளவைத் திறந்தான். உள்ளே யார் யார் என்று முகப்பைக் கேட்டான்.

ஒருவர்தான் இருந்தார்.

பன்னிரண்டு.

அவன் உட்கார்ந்திருக்கிற பதினொன்று பட்டியலில் இல்லை. திரும்பக் கேட்டான். பன்னிரண்டு. திரும்பவும். பன்னிரண்டு.

வெற்றுக் காகிதத்தில் வரி வந்தது.

யாரு?

நன்றி சொல்லத்தான் வந்திருந்தான். என்னைத் தெரியவில்லையா என்று நினைத்துக்கொண்டே, வயிரவன் என்று தட்டினான்.

வயிரவன் நானு.

வௌவால் ஒன்று இடம் மாறிப் படுத்தது.

நீ யாரு?

அவன் விரல்கள் விசைகள் மேல் நின்றன. திரையின் மூலையில் அந்த மெஷின் அவனுக்குக் கொடுத்த பேர் சின்னதாக மின்னியது: யூசர்.

பெட்டிமேல் போன் அடித்தது. ஒரு மணி. விசாலம் ஆச்சி. அவசரமாக எடுத்தான். அவன் வாழ்க்கையில் அந்தக் குரல் அத்தனை தேவைப்பட்டதில்லை.

"ஆச்சி."



"யாரு பேசுறீக?"

முப்பத்தாறு வருஷமாக அவனை நீ என்று மட்டுமே கூப்பிட்டவள்.

"நாந்தான் ஆச்சி. வயிரவன்."

தப்பான எண்ணுக்குப் போட்டுவிட்டவர்கள் சிரிக்கிற மாதிரி, கூச்சமாகச் சிரித்தாள். "வெளையாடாதீக. எந்தம்பி கொரலு எனக்குத் தெரியாதா? அங்குட்டுத்தான் இருப்பான். சத்த அவன்ட்டக் குடுங்களேன், சாப்டானான்னு கேக்கணும்."

வயிரவன் வாயைத் திறந்தான். சொல்வதற்கு வேறு பேர் எதுவும் அவனிடம் இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், படிக்கட்டின் அடி இருட்டில், யாரோ நகர்ந்து உட்கார்ந்து, போனில் பேசப் போகிறவர் போல, தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.